நாலு பேர் கூடிப் போட்ட கணக்கு

பெரிய கிராணி செத்துப்போன சேதி வந்தபோது நான் சாப்பிட்டுக்கொண்டிருந்தேன். சேதி கொண்டுவந்தவர், நான் கையை உதறிவிட்டு எழுந்திருப்பேன் என்று எதிர்பார்த்து வாசலிலேயே நின்றார். நான் இன்னும் ஒரு கரண்டி சோறு கேட்டு வாங்கி, ரசத்தை ஊற்றிப் பிசைந்து, நிதானமாகச் சாப்பிட்டு முடித்தேன். செத்தவனைப் பற்றித் தப்பாகப் பேசக் கூடாது என்பார்கள். உயிரோடு இருந்தபோதே நான் அவனைப் பற்றி நல்லபடியாகப் பேசியதில்லை. செத்துவிட்டான் என்பதற்காகப் பழக்கத்தை மாற்றிக்கொள்ள எனக்கு இஷ்டமில்லை.

சிங்கப்பூருக்கு வடக்கே, செடெனாக் பக்கத்தில் ஒரு ரப்பர் தோட்டத்தில் நான் தமிழ்ப் பள்ளிக்கூட வாத்தியாராக இருந்தேன். ரப்பர் விலை விழுந்து, தோட்டம் தோட்டமாக ஆட்களைக் கப்பலேற்றி ஊருக்கு அனுப்பிக்கொண்டிருந்த காலம் அது. பள்ளிக்கூடம் என்றால் பெரிதாக எண்ணிவிட வேண்டாம். மேலே அத்தாப்பு ஓலைக் கூரை, இடுப்பளவுக்குப் பலகைச் சுவர், அதற்கு மேல் வெறும் காற்று. நாலு வகுப்பும் அந்த ஒரே கொட்டகையில். நாலு வகுப்புக்கும் வாத்தியார் நான் ஒருவன்.

பெரிய கிராணி தோட்டத்து ஆபீசுக்குத் தலைவன். வெள்ளைக்காரத் துரைக்கு அடுத்தபடி அவன்தான். பள்ளிக்கூடமும் அவன் மேற்பார்வையில் இருந்தது. எனக்கு அந்த வேலையை வாங்கிக் கொடுத்தவனும் அவன்தான், ஒரே ஜில்லாக்காரன் என்கிற முறையில். வாங்கிக் கொடுத்ததை அவன் ஒரு நாளும் என்னை மறக்கவிடவில்லை. பாதையில் எதிர்ப்பட்டால் நான் குடையை மடக்க வேண்டும், மழையானாலும் சரி. எத்தனையோ மழையில் நனைந்திருக்கிறேன். ஒவ்வொரு மழையும் எனக்கு ஞாபகம் இருக்கிறது.

பிள்ளைகள் வாய்ப்பாட்டில் சூரர்கள். பாட்டாகவே பாடுவார்கள். ஆனால் கதைக் கணக்கு கொடுத்தால் வாயடைத்துப் போவார்கள். கணக்கைப் படித்த உடனே அதிலிருக்கும் எண்களை மட்டும், ரப்பர் மரத்தடியில் உறைந்து கிடக்கும் ஒட்டுப்பால் பொறுக்குவதுபோலப் பொறுக்கிக்கொண்டு, கூட்டலா பெருக்கலா என்று என் முகத்தைப் பார்ப்பார்கள். நான் கொஞ்சம் புருவத்தைத் தூக்கினால் கூட்டலைப் பெருக்கலாக மாற்றிவிடுவார்கள். முகத்தைப் பார்த்துப் பிழைக்கத் தோட்டத்தில் யாரும் தனியாகச் சொல்லிக் கொடுக்க வேண்டியதில்லை.

ஒரு நாள் நாலாம் வகுப்புக்கு ஒரு கணக்கைக் கொடுத்துவிட்டு முதல் வகுப்பிடம் போயிருந்தேன். திரும்பி வந்து பார்த்தால் நாலு பேர் ஒரே சிலேட்டுப் பலகைக்காகச் சண்டை போட்டுக்கொண்டிருந்தார்கள். அதட்ட வாயெடுத்தவன் நின்று கேட்டேன். சண்டை பலகைக்காக இல்லை, கணக்குக்காக. ஒருவன் வகுக்க வேண்டும் என்கிறான், இன்னொருத்தி ஏன் என்கிறாள். அந்த 'ஏன்' என்பதற்குப் பதில் சொல்லத் தெரியாமல் அவன் கணக்கைத் திரும்பவும் முதலிலிருந்து படிக்கிறான். நான் வருஷக்கணக்காகத் தொண்டை வறளக் கத்தியும் நடக்காதது, நான் இல்லாத நேரத்தில் தானாக நடந்துகொண்டிருந்தது.

அதற்குப் பிறகு நாலு நாலு பேராக உட்கார வைத்தேன். பிள்ளைகள் அதற்குக் 'கேங்' என்று பெயர் வைத்தார்கள். அப்பா அம்மா வேலை செய்வது கேங்கில், அவர்கள் கணக்குப் போடுவதும் கேங்கில். ஒருவர் கணக்கைப் படித்து, அதை எண்ணே இல்லாமல் கதையாகச் சொல்ல வேண்டும். ஒருவர் தரை மணலில் படம் போட வேண்டும். ஒருவர் பலகையில் கணக்கைச் செய்ய வேண்டும். நாலாவது ஆளுக்கு ஒரே வேலை, ஏன் ஏன் என்று கேட்டுக்கொண்டே இருப்பது. தினம் வேலையை மாற்றிக்கொள்ள வேண்டும். விடை வந்தபின், கணக்கு எதைச் சொல்லாமல் விட்டது என்றும் யோசிக்க வேண்டும். எல்லாவற்றுக்கும் மேலே ஒரு விதி. கேங்கில் நான் யாரைக் கை காட்டுகிறேனோ அவர் விடை சொல்ல வேண்டும். நாலு பேருக்கும் தெரியாதவரை அந்தக் கேங்குக்கு யாருக்கும் தெரியாது என்றுதான் கணக்கு.

இந்த விதிதான் வேலை செய்தது. கெட்டிக்காரப் பிள்ளை முன்னால் ஓட முடியாது. பின்தங்கிய பிள்ளையைத் தோளில் கை போட்டு இழுத்துக்கொண்டுதான் வர வேண்டும்.

ஏன் என்று கேட்ட பெண்ணைப் பற்றிச் சொல்ல வேண்டும். ரப்பர் மரத்தில் பால் வெட்டும் ஒருத்தியின் மகள். அப்பா காய்ச்சலில் போய்விட்டார். ஒல்லியான உடம்பு, உடம்புக்குச் சம்பந்தமில்லாத அதட்டல் குரல். படிப்பதில் மெதுவுதான். ஆனால் புரியாததைப் புரிந்ததாகத் தலையாட்ட அவளுக்குத் தெரியாது. ஒரு வாத்தியாருக்கு அதைவிட நல்ல பிள்ளை கிடைக்காது. ஒரு கிராணிக்கு அதைவிடக் கெட்ட பிள்ளை கிடைக்காது.

ஒரு முற்பகலில் பெரிய கிராணி துரையை அழைத்துக்கொண்டு கொட்டகைக்குள் வந்தான். பிள்ளைகள் தரையில் வட்டமாக உட்கார்ந்து கசமுசா என்று பேசிக்கொண்டிருந்தார்கள்.

"இது பள்ளிக்கூடமா, சந்தையா?" என்றான். "ஒருத்தன் மண்டையில இருக்கறத நாலு பேரு திருடறானுங்க. இதுக்குப் பேரு படிப்பா?"

துரைக்குத் தமிழ் தெரியும். தோட்டத்து வேலைக்கு வந்த வெள்ளைக்காரர்கள் தமிழ் கற்றுக்கொண்டே ஆக வேண்டும். கிராணி பிள்ளைகளை வரிசையாக நிற்க வைத்தான். அந்தப் பெண்ணைக் கூப்பிட்டான்.

"ஆறு ஆளு ஒரு கான் வெட்ட நாலு நாளு ஆவுது. பன்னெண்டு ஆளு வெட்டுனா எத்தன நாளு?"

கான் என்றால் தோட்டத்தில் தண்ணீர் வடியும் வாய்க்கால். அவள் கொஞ்சம் யோசித்தாள்.

"பொஸ்தகத்துலயா, தோட்டத்துலயாங்க ஐயா?"

"என்னடி ரெண்டு கணக்கு?"

"பொஸ்தகத்துல ரெண்டு நாளு. தோட்டத்துல நாலு நாளுங்க. ஆளு கூடுனா நீங்க வேலையையும் கூட்டிருவீங்க."

அவள் கேலி செய்யவில்லை. இந்தக் கணக்கை அவளுடைய கேங் முன்பே ஒரு முறை போட்டு, கணக்கு சொல்லாமல் விட்டது என்ன என்று சண்டை பிடித்து, இதைத்தான் கண்டுபிடித்திருந்தது. துரை வாய்விட்டுச் சிரித்தார். கிராணியின் முதுகில் ஒரு தட்டுத் தட்டி இங்கிலீஷில் ஏதோ சொல்லிவிட்டு, சிரித்தபடியே வெளியே போனார். கிராணியின் காது இரண்டும் சிவந்திருந்தன.

துரையை அனுப்பிவிட்டு அவன் மட்டும் திரும்பி வந்தான். என் நாற்காலியில் உட்கார்ந்தான்.

"வாத்தியாரே, ஒமக்கு மொதல்ல கணக்குத் தெரியுமான்னு பாப்போம். பதிமூணாம் வாய்ப்பாடு சொல்லும்."

நான் நின்றேன். முதல் வகுப்பிலிருந்து நாலாம் வகுப்பு வரை எல்லாப் பிள்ளைகளும் பார்த்துக்கொண்டிருந்தார்கள். சொன்னேன். ஒரு பிசகு இல்லாமல், கையைக் கட்டிக்கொண்டு, கடைசி வரைக்கும் சொன்னேன். சொல்லி முடித்ததும், "குத்தமில்ல. இனிமே இந்தக் கூட்டம் போடற வேல வேண்டாம். வரிசையா உக்கார வையும்," என்று எழுந்து போனான். எந்தப் பிள்ளையும் சிரிக்கவில்லை. சிரித்திருந்தால் எனக்குக் கொஞ்சம் லேசாக இருந்திருக்கும்.

அன்றைக்கு அவன்மேல் எனக்குப் பிறந்தது கோபம் இல்லை. கோபம் ஆறிப்போகும். பொறுத்தார் பூமியாள்வார் என்று சொல்லிக்கொண்டு நானும் பொறுத்தேன்தான். ஆனால் எனக்குப் பூமி வேண்டாம். அவன் முகம் கறுத்துப் போவதை இந்தக் கண்ணால் பார்க்க வேண்டும், அவ்வளவுதான்.

மறுநாள் பாடம் நடந்துகொண்டிருக்கும்போதே, ஆட்களை வேலை வாங்கும் கங்காணி வந்து வாசலில் நின்றார். அவர் என் முகத்தைப் பார்க்கவில்லை. "பெரிய கிராணி சொல்லிட்டாரு சார். இந்தப் புள்ள இனிமே புல்லு வெட்டுற கேங்கு," என்றார். வேலைக்கு எடுக்கும் வயது அவளுக்கு இன்னும் ஆகவில்லை. அது கங்காணிக்கும் தெரியும். பெரியவர்களைக் கப்பலேற்றிவிட்டுச் சின்னதுகளைப் பிடித்துப் புல் வெட்ட வைக்கும் காலம் அது, யார் கேட்கப் போகிறார்கள். அவள் பலகையைத் துடைத்து, பக்கத்துப் பையனிடம் கொடுத்துவிட்டு எழுந்து போனாள்.

சாயங்காலம் அவளுடைய அம்மா என்னைத் தேடி வந்தாள். கூலியாட்கள் குடியிருக்கும் லயத்து மண்ணைவிட்டு நிமிர்ந்து பேசத் தெரியாத பெண். "அது நாலாவது முடிக்கணும்னு அதோட அப்பா சொல்லிட்டுப் போனாரு சார். அது ஒண்ணுதான் அவரு கேட்டது," என்றாள். நான் ஆபீசுக்குப் போய்க் கேட்டேன். "புள்ளைய வேலைக்கு அனுப்ப மாட்டேன்னா, அம்மாகாரியும் அடுத்த கப்பலுக்குப் பேர் குடுக்கட்டும்," என்றான் கிராணி. அதைச் சொல்லும்போது அவன் நகத்தை வெட்டிக்கொண்டிருந்தான். நிமிர்ந்தும் பார்க்கவில்லை.

பிறகு நான் வரிசையாகவே உட்கார வைத்தேன். "சரிங்க ஐயா, ஆகட்டுங்க ஐயா" என்று அவன் சொன்னதற்கெல்லாம் தலையாட்டினேன். ஆனால் அவளுடைய கேங்கில் மிச்சமிருந்த மூன்று பேரும் பாயில் ஓர் ஆள் உட்காரும் இடத்தைக் காலியாக விட்டுத்தான் உட்கார்ந்தார்கள். நான் சொல்லிக் கொடுக்கவில்லை. அன்றாடம் கொடுத்த கணக்கை, அவள் புல்லுக் கத்தியை வைத்துவிட்டு லயத்துக்கு வந்ததும், அங்கே போய் அவளோடு சேர்ந்து போட்டிருக்கிறார்கள். அதையும் நான் சொல்லவில்லை. மறுநாள் அவர்கள் விடை சொல்லும்போது நடுவில் அவளுடைய 'ஏன்' எங்கெங்கே விழுந்திருக்கிறது என்று எனக்குக் கேட்கும். அதை வைத்துத்தான் தெரிந்துகொண்டேன்.

பரீட்சை வைக்க இன்ஸ்பெக்டர் வரும் நாள் நெருங்கியது. அவர் நல்லபடியாக எழுதிக் கொடுத்தால்தான் பள்ளிக்கூடத்துக்கு அரசாங்க உதவி வரும். கிராணி துரையிடம், எல்லாம் தன் மேற்பார்வையில் பிரமாதமாக நடக்கிறது என்று அளந்து வைத்திருந்தான். என்னிடம் வந்து, "ஏதாச்சும் கொளறுபடி ஆச்சு, சீட்டக் கிழிச்சுருவேன்," என்றான். நான் அதற்கும் தலையாட்டினேன்.

இன்ஸ்பெக்டர் வந்தார். கழுத்துவரை பித்தான் போட்ட கோட்டு, நெற்றியில் சந்தனம், அளந்து பேசும் தமிழர். துரையும் கூட வந்திருந்தார். பெரிய கிராணி அன்றைக்கு மடிப்புக் கலையாத வெள்ளைக் காற்சட்டையும் கோட்டும், காலில் பளபளக்கும் சப்பாத்தும் போட்டு, மாப்பிள்ளை மாதிரி நின்றான். வாசிப்பு நன்றாக நடந்தது, சொல்வதெழுதுதலும் நன்றாக நடந்தது. இன்ஸ்பெக்டர் நாலாம் வகுப்பைப் பார்த்து ஒரு கதைக் கணக்குச் சொன்னார்.

"ஒரு வீட்டில் எட்டுப் பேருக்குப் பதினைந்து நாளைக்கு வருகிற அரிசி இருக்கிறது. அரிசி வாங்கிய அன்றைக்கே இரண்டு பேர் ஊருக்குக் கப்பலேறிவிட்டார்கள். அந்த அரிசி மிச்சப் பேருக்கு எத்தனை நாள் வரும்?"

அவர் கை காட்டியது அந்தக் கேங்குப் பையன் ஒருவனை. அவன் எழுந்து நின்றான். பேசவில்லை.

"தெரியாதா?"

"இன்னும் போடல சார். எங்க கேங்குல ஒரு ஆளு கொறையுது. அவளுக்கும் தெரிஞ்சாத்தான் எங்களுக்குத் தெரியும்."

இன்ஸ்பெக்டருக்குப் புரியவில்லை. அடுத்த கேங்கில் ஒரு பெண்ணைக் கை காட்டினார். அவளுக்கு விடை தெரியும், அவள் விரல்கள் பாவாடைமேல் கணக்கை முடித்துவிட்டதை நான் பார்த்தேன். "அவங்க மொதல்ல சொல்லட்டும் சார்," என்று உட்கார்ந்துவிட்டாள். அதற்கடுத்தவனும் அப்படியே. கொட்டகை முழுக்க ஒரே அமைதி. கிராணி என் மேசையிலிருந்த பிரம்பை எடுத்தான். இன்ஸ்பெக்டர் கையைக் காட்டி அவனை நிறுத்தினார்.

நான் ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் போதும், பிள்ளைகள் விடை சொல்லியிருப்பார்கள். பள்ளிக்கூடமும் தப்பியிருக்கும், என் வேலையும் தப்பியிருக்கும். சொல்லவில்லை. அந்த அமைதியில் அவன் சட்டைக் கழுத்து வேர்வையில் நனைந்து வருவதைப் பார்த்துக்கொண்டு நின்றேன். எனக்கு அது விருந்துச் சாப்பாடு.

"என்ன இது வாத்தியாரே?" என்றார் இன்ஸ்பெக்டர்.

"நான் வைத்த விதிங்க. நாலு பேருக்கும் தெரிந்தால்தான் கேங்குக்குத் தெரியும். அந்த நாலாவது பிள்ளை எங்கே என்று பெரிய கிராணி ஐயாவைத்தான் கேட்க வேண்டும். அவருக்குத்தான் தெரியும்."

"காய்ச்சல்," என்றான் கிராணி.

"இல்லங்க தொர," என்றான் நின்றுகொண்டிருந்த பையன், துரையைப் பார்த்து. "அந்தா புல்லு வெட்டுறா."

பலகைச் சுவருக்கு மேலே எதிர்மேடு முழுவதும் தெரியும். அங்கே குனிந்திருந்த ஆட்களில் ஒரு தலை மட்டும் மற்றவர்களின் இடுப்பளவுக்குத்தான் இருந்தது. துரை பார்த்தார், இன்ஸ்பெக்டரும் பார்த்தார். வயது ஆகாத பிள்ளையை வேலைக்கு வைத்ததை வெளியாள் ஒருவர் பார்த்துவிட்டார் என்பது துரைக்கு உறைத்தது. அவர் தமிழைக் கற்றுக்கொண்டது, விடிகாலையில் ஆட்களைப் பெயர் கூப்பிடும் பெரட்டுக் களத்தில். யாராக இருந்தாலும் அவருக்கு 'நீ'தான்.

"நீ போ," என்றார் கிராணியிடம். "நீயே போ. கூட்டிட்டு வா."

முந்தின நாள்தான் நல்ல மழை. செம்மண் மேடு வழுவழு என்று கிடந்தது. அவன் அந்தச் சப்பாத்தோடு இறங்கினான், ஏறினான், ஓரிடத்தில் கையை ஊன்றினான். புல் வெட்டிக்கொண்டிருந்தவர்கள் நிமிர்ந்து நின்று பார்த்தார்கள். பிள்ளைகள் சுவரோரம் கிடந்த பெஞ்சின் மேலேறிவிட்டார்கள். பெஞ்சில் ஏறக் கூடாது என்று நான் சொன்னேன். யாருக்கும் கேட்காதபடி சொன்னேன்.

அவள் முன்னால் வந்தாள், அவன் பின்னால் வந்தான். அவளுடைய காலிலும் சேறு, அவனுடைய காற்சட்டையிலும் முழங்கால்வரை சேறு. அவள் புல்லுக் கத்தியை வாசலில் வைத்துவிட்டுப் பாயிலிருந்த காலி இடத்தில் உட்கார்ந்தாள். இன்ஸ்பெக்டர் கணக்கைத் திரும்பச் சொன்னார்.

"அரிசி இருக்கு," என்று ஒருவன் எண் இல்லாமல் கதை சொன்னான். "ஆளுங்க சாப்புடறாங்க. கொஞ்சம் பேரு போயிட்டாங்க. அரிசி அப்படியே இருக்கு. எத்தன நாளைக்கு வரும்?"

"அப்ப நாளு கொறையும்," என்றாள் பலகை வைத்திருந்தவள், வேண்டுமென்றே.

"ஏன்? திங்கற வாயி கொறஞ்சா நாளு ஏன் கொறையும்?" என்று அதட்டினாள் சேற்றுக் காலோடு வந்தவள்.

மணலில் எட்டுக் கோடு போட்டார்கள். ஒரு கோட்டுக்குப் பதினைந்து பங்கு, எல்லாம் சேர்ந்து நூற்றிருபது. அதை ஆறு பேருக்குப் பிரித்தார்கள். நாலு தலையும் ஒன்றாக முட்டிக்கொண்டிருந்தது. இன்ஸ்பெக்டர் போட்டிருந்த கோட்டைச் சுருட்டிக்கொண்டு அவர்கள் பக்கத்தில் குந்திவிட்டார். பிறகு அவளைத்தான் கை காட்டினார்.

"இருவது நாளு சார்," என்றாள். "ஆனா, போன ரெண்டு பேரும் அவங்க பங்க எடுத்துட்டுப் போனாங்களான்னு கணக்குல சொல்லல. எடுத்துட்டுப் போயிருந்தா அதே பதினஞ்சு நாளுதான்."

அவர் எழுந்து நின்று, இந்த முறையை நான் எங்கே கற்றேன் என்று என்னைக் கேட்டார். இங்கேதான் என்றேன். இந்தப் பிள்ளை நாலாம் வகுப்பு முடிக்கும்வரை இங்கேதான் உட்கார வேண்டும் என்று அவர் துரையிடம் சொன்னார். துரை தலையாட்டினார். கிராணி காலைப் பார்த்துக்கொண்டு நின்றான். நான் பார்க்க ஆசைப்பட்ட முகத்தைப் பார்த்தாகிவிட்டது. கொஞ்சம்கூட இரக்கம் வரவில்லை. உப்பைத் தின்றவன் தண்ணீர் குடித்துத்தான் ஆக வேண்டும்.

அந்த மாதக் கடைசியில் என் சீட்டு கிழிந்தது. பக்கத்துத் தோட்டங்களிலும் எனக்கு வேலை கிடைக்காதபடி அவன் பார்த்துக்கொண்டான். கொஞ்ச நாள் கூலாய்ப் பட்டணத்தில் ஒரு மளிகைக் கடையில் மூட்டை பிரித்தேன். அதற்காக ஒரு நாளும் வருத்தப்பட்டதில்லை.

ஆனால் அதற்கு முன்னால் இன்னொன்று நடந்தது. பரீட்சை முடிந்து சில நாளில் துரை சிங்கப்பூருக்குப் போய்விட்டார். துரை இல்லாத நாளில் அவன் சும்மா இருக்க மாட்டான் என்று எனக்குத் தெரியும். எனக்குச் சம்பந்தமே இல்லாத இடம், இருந்தாலும் மறுநாள் விடியும் நேரத்தில் பெரட்டுக் களத்துக்குப் போய் ஓரமாக நின்றேன். ஆட்கள் கேங் கேங்காக வரிசை பிடித்திருந்தார்கள். அவன் மேடைமேல் நின்று பெயர் கூப்பிட்டான். புல் வெட்டும் கேங்கில், அந்தப் பெண்ணின் பெயரைக் கூப்பிட்டான்.

அவன் அவளுடைய அம்மாவை நேராகப் பார்த்துக்கொண்டு, இரண்டாம் தரம் கூப்பிட்டான். அடுத்த கப்பல் என்று அவன் சொல்லியிருந்தது அவளுக்குத் தெரியும், எனக்கும் தெரியும். அவள் தலையைக் குனிந்துகொண்டாள். தோற்றுவிட்டோம் என்றே நினைத்தேன். மூன்றாம் தரம் கூப்பிட்டான்.

"பள்ளிக்கூடத்துல இருக்குங்க," என்றாள் அம்மா.

குரல் நடுங்கியது. நடுங்கி முடிவதற்குள் பக்கத்தில் நின்றவள் அதையே சொன்னாள். அதற்கடுத்தவள் சொன்னாள். பிறகு பின்வரிசை, பிறகு பால் வெட்டும் ஆண்கள். யாரும் கத்தவில்லை, ஒவ்வொருவராக, தன் பெயருக்குப் பதில் சொல்வதுபோலச் சொன்னார்கள். இத்தனை பேரையும் கப்பலேற்றிவிட்டால் அவனுக்குப் பால் வெட்ட யார் இருக்கிறார்கள்? கங்காணிகூடக் கடைசியில், தரையைப் பார்த்துக்கொண்டே, "பள்ளிக்கூடத்துல இருக்குங்க ஐயா," என்றார்.

கிராணி அடுத்த பெயரைக் கூப்பிட்டான்.